சீமைக்கருவேலம்: மத்தியச் சட்டமா, மாநிலக் கொள்கையா?

எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் போனவர்களுக்குச் சீமைக்கருவேலத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதை அகற்றச் சொல்லி மனு எழுத உட்காரும்போதுதான் குழப்பம்: மத்தியச் சட்டம், மாநிலக் கொள்கை இரண்டில் எதைக் காட்டிக் கேட்பது?

அதிகாரம்
சட்டம்: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022 திருத்தம் சேர்த்த 62ஏ பிரிவு. அயல் ஊடுருவல் இனங்களின் (வெளிநாட்டிலிருந்து வந்து பரவி இங்குள்ள காட்டுயிருக்குக் கேடு செய்யும் செடி, விலங்குகளின்) இறக்குமதி, விற்பனை, வைத்திருத்தல், பரவல் நான்கையும் மத்திய அரசு தடுக்கலாம். அதிகாரியை அனுப்பிப் பறிமுதல் செய்து அழிக்கவும் செய்யலாம்.
கொள்கை: ஊடுருவும் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. இதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களை வளர்ப்பதும் இதில் அடக்கம்.

வேகம்
சட்டம்: மத்திய அறிவிக்கை வர வேண்டும். அதுவும் காட்டுயிருக்கோ அதன் வாழிடத்துக்கோ ஆபத்து என்றால்தான். தெருமுனைக் காலிமனை இதற்குள் வராது.
கொள்கை: வேலை மாநிலத் துறைகளின் கையில். நாம் போய்ப் பார்க்கக்கூடிய தூரம்.

கொளத்தூர் கலர்மீன் கடைகளில் விற்கும் வெளிநாட்டு நீர்ச்செடி மாதிரி, வியாபாரத்தில் வருவதைத் தடுக்கச் சட்டம்தான் சரி. ஏற்கெனவே முளைத்து நிற்கும் புதருக்குக் கொள்கையைக் காட்டுங்கள். அப்புறம், மனுவில் ‘வெட்ட’ என்று எழுதாதீர்கள், ‘வேரோடு அகற்ற’ என்று எழுதுங்கள். வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிடும்.