'ரைஸ்' எங்கிருந்து வந்தது: அரிசியா, வ்ரீஹியா?

ஆங்கில 'ரைஸ்' நம் 'அரிசி'யின் வழிவந்தது என்று பள்ளி மேடை முதல் வாட்ஸ்அப் வரை சொல்கிறோம். கால்டுவெல்லும் அரிசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஒருஸா'வை நம் அரிசியோடு சேர்த்தவர்தான். கிரேக்கத்துக்குப் பிந்தைய பாதையில் சிக்கல் இல்லை: லத்தீன் 'ஒரிஸா', இத்தாலிய 'ரிசோ', பழைய பிரெஞ்சு 'ரிஸ்', ஆங்கில 'ரைஸ்'. ஒருஸா கிரேக்கத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதில்தான் வழக்கு.

எதிர்த்தரப்பு காட்டுவது நெல்லைக் குறிக்கும் சமஸ்கிருத 'வ்ரீஹி'. இது ரிக்வேதத்தில் இல்லை, அதர்வவேதத்தில் உண்டு. இதன் உறவுச் சொற்கள் ஈரானிய மொழிகளில் இருக்கின்றன: பஷ்தோவில் 'வ்ரிஜே', பாரசீகத்தில் 'பிரிஞ்ஜ்'.

ஒலியை முதலில் பார்ப்போம். கிரேக்கத்தில் குறில் அகரம் உண்டு. 'அரிசி'யைக் காதால் கேட்டவர் அதை ஒகரமாக்க வேண்டிய தேவையே இல்லை. வகரமோ ஏதென்ஸ் வழக்கிலிருந்து முன்பே மறைந்துவிட்டது. அதனால் அந்நியச் சொல்லின் முதலில் வகரம் வந்தால் ஓர் உயிரெழுத்தால் ஈடுகட்டினார்கள். 'வ்ரி' என்ற தொடக்கம் 'ஒரு' ஆனதற்கு இது போதுமான காரணம். அரிசித் தரப்பு வழுக்குவது இங்கேதான்.

காலமும் அதற்குச் சாதகமாக இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் 'ஒரிந்தேஸ்' என்றொரு ரொட்டியைக் குறிப்பிடுகிறார். அரிசி ரொட்டி என்று பலரும் பொருள்கொள்ளும் இச்சொல்லில் உள்ள னகர ஒலி, பாரசீக 'பிரிஞ்ஜ்' பக்கமே இழுக்கிறது. நெற்பயிரை விவரித்த கிரேக்கத் தாவரவியலாளர் தியோஃபிராஸ்டஸ் அலெக்சாந்தர் படையெடுப்பின் செய்திகளைப் பயன்படுத்தியவர். அந்தப் படை கி.மு. 326இல் வந்தது சிந்துக்கரைக்கு. சேரர் துறைமுகமான முசிறியில் யவனர் மிளகு ஏற்றியது அதற்கு வெகு காலம் கழித்து. கிரேக்கத்துக்குப் போன திராவிடச் சொல் வேண்டுமென்றால் இஞ்சியைக் காட்டலாம்: 'இஞ்சிவேர்', பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தெரிகிறது.

ஆகவே ஒருஸாவுக்கு ஈரானிய வழியே வலுவானது. ஆனால் வ்ரீஹியின் மூலம் எது? அதற்கு ஏற்கத்தக்க இந்தோ-ஐரோப்பிய வேர் இல்லை. தெலுங்கில் நெல் 'வரி', கோண்டியில் 'வஞ்சி'. வ்ரீஹி திராவிடத்திடம் கடன் வாங்கியதா, இரண்டும் வேறொரு பழைய மொழியிடமிருந்து எடுத்தவையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். திராவிட உரிமை கோருவோர் ஒருஸாவை விட்டுவிட்டு இந்த 'வரி'யைப் பிடிப்பதே சரி.