ஓவரி திடீரென்று நின்றுபோனால்: ஹார்மோனா, ஹார்மோன் இல்லாத மருந்தா, பேட்ச்சா, மாத்திரையா?

இயல்பாக வரும் மெனோபாஸ் மெல்ல மெல்ல, சில வருடங்கள் எடுத்துக்கொண்டு வரும். மாதவிடாய் தள்ளிப்போகும், திரும்ப வரும், பிறகு ஒரேயடியாக நிற்கும். உடம்பு பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். இரண்டு ஓவரிகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்தால் இந்த அவகாசமே இல்லை. ஓவரி சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஓரிரு நாளில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பெண்ணுக்கு வயது 36 ஆகக்கூட இருக்கலாம். தையல் ஆறும் முன்பே, நடுராத்திரியில் கழுத்தும் முதுகும் வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்திருப்பார். போர்வையை உதறித் தள்ளிய கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கும். வெளியே சொன்னால், “எல்லாருக்கும் வர்றதுதானே” என்ற பதில்தான் வரும்.

அந்தப் பதில் தவறு. 36 வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போவதும் 51 வயதில் குறைவதும் ஒன்றல்ல. சிகிச்சையும் ஒன்றல்ல. எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: ஓவரி எதனால் நின்றது? கர்ப்பப்பை இன்னும் இருக்கிறதா?

எதனால் நின்றது

“யூட்ரஸ் எடுத்தாச்சு” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஓவரியும் போனதா என்பது பலருக்கே தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். பிஎஸ்ஓ என்ற மூன்றெழுத்து இருந்தால் இரண்டு பக்க ஓவரியும் குழாயும் எடுக்கப்பட்டிருக்கின்றன. கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் அது மெனோபாஸ் ஆகாது. ஓவரி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். வழக்கத்தைவிடச் சில வருடம் முன்னதாகச் சோர்ந்துபோகலாம், அவ்வளவுதான்.

கீமோவால் வருவது இதைவிடக் குழப்பமானது. சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகள் ஓவரியை அதிகம் தாக்கும். 40 வயதுக்குக் கீழே என்றால் மாதங்கள் கழித்து மாதவிடாய் திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. வயது கூடக்கூட அது குறையும். ஆகவே கீமோவுக்குப் பின் மாதவிடாய் வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஓவரி ஓய்ந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. கருத்தடை தேவைப்படலாம். மார்பகப் புற்றுக்கு அரோமடேஸ் தடுப்பு மாத்திரை (உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுப்பது) மட்டும் எடுப்பவருக்கு, தூங்கிக்கொண்டிருந்த ஓவரி விழித்துக்கொண்டால் அந்த மாத்திரையால் பயன் இல்லாமல் போகும். எஸ்ட்ராடயால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) அளவை ரத்தத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, ஓவரியைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கோசெரெலின், லூப்ரோலைடு போன்ற ஊசிகள். கோசெரெலின் 3.6 மில்லிகிராம் 28 நாளுக்கு ஒருமுறை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் ஓவரி மீண்டும் வேலை செய்யும். எண்டோமெட்ரியோசிஸுக்காக (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய்) போடுபவர்களுக்கு, ஊசியோடு சேர்த்தே சிறிய அளவில் ஹார்மோன் கொடுக்கும் வழக்கமும் உண்டு. எலும்பு காக்கப்படும், கொதிப்பும் (உடம்பு திடீரென்று சூடாகி வியர்ப்பது) அடங்கும். மார்பகப் புற்றுக்காகப் போடுபவருக்கு அது கூடாது. ஊசி ஒன்றுதான், காரணம் வேறு, விடையும் நேர் எதிர்.

ஹார்மோன் எடுப்பதா, வேண்டாமா

ஹார்மோன் என்றாலே மார்பகப் புற்று என்ற பயம் 2002-இல் ஆரம்பித்தது. அமெரிக்காவின் வுமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்ட்டரோன் ஹார்மோனைப் போன்ற மருந்து) சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்று கூடியது தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. 36 வயதில் ஓவரியை இழந்தவரை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமே இல்லை. அதே ஆய்வில், கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் புற்று கூடவில்லை. நீண்ட காலம் கழித்துப் பார்த்தபோது குறைந்தே இருந்தது. தலைப்புச் செய்தி ஆனது முதல் பாதி மட்டும்தான். இன்றும் இளம்பெண்கள் பலர் அந்தப் பாதிச் செய்தியைக் கேட்டே மாத்திரையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

45 வயதுக்கு முன் ஓவரி போய், ஈஸ்ட்ரோஜனும் எடுக்காமல் விட்டால் எலும்பு வேகமாகத் தேயும். இதய நோய் கூடுகிறது, நினைவாற்றலும் பாதிக்கப்படலாம் என்று நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. ஹார்மோனால் வளரும் புற்று இல்லாத பெண்ணுக்கு, 50 வயதை ஒட்டி வரைக்கும் ஹார்மோன் எடுப்பது உடம்பு இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான். இந்த இடத்தில் நடுநிலையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை: இவர்களுக்கு ஹார்மோனே முதல் தேர்வு. மார்பகப் புற்று, ஓவரிப் புற்று அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்துக்காக, புற்று வருமுன்னே ஓவரியை எடுத்துக்கொண்டவர்களும் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருவார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்து, அதனால் ஓவரி நின்றுபோனவர்களில் பெரும்பாலோருக்கு வருவது செதில் செல் வகை. அதற்கும் ஹார்மோன் தடை இல்லை. இதை யாரும் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்கள் உண்டு.

பேட்ச்சா, மாத்திரையா

மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் கூடுகின்றன. தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் வழியாகப் போவதற்கு இந்தச் சிக்கல் இல்லை. வழக்கமான அளவில் ரத்தக்கட்டி அபாயம் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உடல் எடை அதிகம், ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி, இதில் ஏதாவது இருந்தால் பேட்ச் அல்லது ஜெல்தான் சரி. எதுவுமே இல்லாத இளம்பெண்ணுக்கு மாத்திரையும் சரிதான், தினமும் ஒன்று போட்டால் போதும்.

பேட்ச்சைத் தொப்புளுக்குக் கீழே வயிற்றிலோ இடுப்பிலோ ஒட்ட வேண்டும். மார்பில் கூடவே கூடாது. பெரும்பாலானவற்றை வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் இடத்தையும் மாற்ற வேண்டும். வியர்வையில் ஓரம் பிரியும், சிலருக்கு அந்த இடம் சிவந்து அரிக்கும். அவர்களுக்கு ஜெல் உதவும்: கையிலோ தொடையிலோ தடவி, காயவிட்டு, உடனே குளிக்காமல் இருக்க வேண்டும். காய்வதற்குள் குழந்தையைத் தூக்கினால் மருந்து குழந்தையின் தோலுக்குப் போகும்.

“பேட்ச் போட்டும் ஒன்றும் ஆகலை” என்பவர்கள் அளவைப் பார்க்க வேண்டும். இயல்பான மெனோபாஸுக்கு 50 மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ போதும். இளம்பெண்ணுக்குப் பெரும்பாலும் 75 முதல் 100 தேவை. 25-இல் நிறுத்திவிட்டு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

கர்ப்பப்பை இருந்தால் கூடவே புரோஜெஸ்ட்டரோன் கட்டாயம். இல்லாவிட்டால் உள்சுவர் தடித்து அங்கே புற்று வரலாம். கதிர்வீச்சு வாங்கிய கர்ப்பப்பைக்கும் இது பொருந்தும். ராத்திரி போடும் இயற்கைப் புரோஜெஸ்ட்டரோன் மாத்திரை தூக்கமும் தரும். மாத்திரை மறந்துபோகிறவர்களுக்கு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் ஐயூடி வசதி.

ஹார்மோன் கூடாதவர்களுக்கு

ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்று வந்தவர்களுக்கு மேலே சொன்னவை பொருந்தாது. ஸ்வீடனில் நடந்த ஹேபிட்ஸ் ஆய்வில் ஹார்மோன் எடுத்தவர்களுக்குப் புற்று திரும்ப வருவது கூடியதால், அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இவர்களுக்கு வென்லாஃபேக்சின் நல்ல ஆரம்பம். மனச்சோர்வு மருந்து என்று சீட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், இங்கே அது கொதிப்பைக் குறைக்கத் தரப்படுகிறது. இன்னொரு மனச்சோர்வு மருந்தான பராக்ஸெட்டினும் கொதிப்புக்குப் பயன்படும். ஆனால் மார்பகப் புற்று மாத்திரையான டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு வேண்டாம், அந்த மாத்திரை உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுத்துவிடும். ராத்திரி மட்டும் தொல்லை என்றால் படுக்கும் முன் கேபாபென்டின். காலையில் தலை கொஞ்சம் கிறுகிறுக்கலாம். ஆக்ஸிபியூட்டினின் பலன் தரும், வாய் வறளும். இவை எதுவும் ஈஸ்ட்ரோஜன் அளவுக்குக் கேட்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புதிதாக வந்த ஃபெசோலினெடன்ட் (அமெரிக்காவில் 2023-இல் அனுமதி) மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்கிறது; கல்லீரல் பரிசோதனை தவறாமல் வேண்டும்.

கொதிப்பு அடங்கினாலும் எலும்பு காக்கப்படவில்லை என்பதுதான் இந்த வரிசையின் பெரிய குறை. எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் எலும்புக்கென்று தனி மருந்து எடுக்க வேண்டும். கால்சியம் மட்டும் போதாது.

பிறப்புறுப்பு வறட்சி தனிக் கணக்கு. மேலே சொன்ன கொதிப்பு மருந்து எதுவும் அதற்கு உதவாது. ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசர் வாரத்துக்குச் சில முறை, உறவின்போது லூப்ரிகன்ட். அதிலும் தீராவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வைக்கும் மிகக் குறைந்த ஈஸ்ட்ரோஜன். டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்குப் புற்று மருத்துவரின் சம்மதத்தோடு தரப்படுவதுண்டு, அரோமடேஸ் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி டாக்டர் மேசையில் வையுங்கள்.