மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்: இளவேனில் கல்யாணத்துக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

பங்குனி பிற்பகுதியிலிருந்து வைகாசி முடியும்வரை மதுரை வட்டாரத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை விட நல்ல இடம் இல்லை. ஆனால் எல்லாப் பூவுக்கும் அல்ல. மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம் ஆகியவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போகலாம். மேடை அலங்காரத்துக்கான நீளக்காம்பு ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் இது சரியான இடமல்ல. அவை ஓசூர்ப் பக்கத்திலிருந்து குளிர்ப்பெட்டியில் வருகிறவை. மேடை போடும் அலங்காரக்காரர் நேரடியாக வரவழைத்தால் பூ ஒரு கை குறைவாக மாறி, ஒரு நாள் கூடுதலாக நிற்கும்.

மல்லிதான் இந்தப் பருவத்தின் பூ. குளிரில் செடி மொட்டு வைக்காமல் அடங்கிவிடுவதால் மார்கழி, தை மாதங்களில் கிலோ ஆயிரங்களில் விற்கும். வெயில் ஏற ஏறப் பூ பெருகும். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து சாக்குச் சாக்காக வந்து இறங்கும். சித்திரை, வைகாசியில் சாதாரண நாளில் அதே பூ சில நூறுக்கு வந்துவிடும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிப்பு, காம்பு உறுதி. சரம் கட்டும்போது கழுத்து ஒடியாது. அந்தக் காம்புக்காகவே ஜடை தைப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

விலையை மாதத்தை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். அடுத்தடுத்து முகூர்த்தம் விழும் நாட்களில் காலை ஐந்து மணி விலை வேறு, எட்டு மணி விலை வேறு. சித்திரைத் திருவிழாவில், குறிப்பாக மீனாட்சி திருக்கல்யாணத்தன்றும் அதற்கு முந்தைய நாளும், மதுரைப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிப் பூ வைத்துக்கொள்வார்கள் என்பதால் பூ ஏறித்தான் நிற்கும். பங்குனி உத்திரம், வைகாசி விசாகத்துக்கும் அப்படியே. உங்கள் முகூர்த்தம் இந்த நாட்களை ஒட்டி இருந்தால், சாதாரண நாள் விலையைப் போல் இரண்டு மடங்கையாவது பட்ஜெட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பெரும்பாலான வீடுகளில் எந்தப் பூ என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள், அந்தப் பூ எந்த மணிக்கு விரியும் என்று யாரும் கேட்பதில்லை. மல்லி மொட்டை விடியலில் பறிக்கிறார்கள். அன்று மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் அது விரியும். மணம் விரியும்போதுதான் வரும், மொட்டாக இருக்கையில் கிட்டத்தட்ட வாசனையே இராது. ஆகவே முந்தைய நாள் மாலை வரவேற்புக்கு மல்லியைப் போல் பொருந்தும் பூ கிடையாது. காலையில் வாங்கி, பகலில் கட்டி, நிழலில் வைத்தால் விருந்தாளிகள் வந்து சேரும் நேரத்துக்கு மண்டபம் மணக்கும்.

விடிகாலை முகூர்த்தத்துக்குத்தான் சிக்கல். முந்தைய நாள் காலை வாங்கிய பூ இரவே விரிந்து, விடியும்போது ஓரம் பழுத்து நிற்கும். இதற்கு இரண்டு வழி உண்டு. முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல் என்றால் அன்றைய முதல் வரத்துப் பூவை எடுத்து, நாலைந்து பேரை உட்காரவைத்து உடனே கட்டலாம். முத்துப்போல் வெள்ளையாக, போட்டோவில் அழகாக இருக்கும், மணம் குறைவு. முகூர்த்தம் ஆறு மணி, ஏழரை மணி என்றால் முந்தைய நாள் பூவைக் கட்டியவுடன் குளிரில் வைத்து நிறுத்த வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து சரத்தைச் சுற்றி, வாழையிலையில் பொதிந்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் கூடவே கூடாது. தெர்மாகோல் பெட்டியானால் ஐஸின் மேல் இரண்டு மூன்று மடிப்புச் செய்தித்தாள் போட்டுப் பிறகுதான் பூ. ஐஸ் நேரடியாகப் பட்ட இதழ் கண்ணாடிபோல் ஆகி, வெளியே எடுத்த சிறிது நேரத்தில் கறுத்துவிடும். தலையில் வைப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் மொட்டு இளகி மணம் தரத் தொடங்கும். மணப்பெண்ணின் ஜடைக்கு இந்த இரண்டாவது வழியே மேல்.

முல்லையும் பிச்சியும் மாலையில் விரிகிறவைதான், ஆனால் இதழ் மெலிது. முல்லை தலைக்குப் பாரமில்லாமல் இருக்கும், வரவேற்புக்குப் போதும். பிச்சியை மறுநாள் காலைக்கு நம்பாதீர்கள், குளிரில் வைத்தாலும் வாடி உதிரும். மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருப்பது அதன் இயல்பு, அழுகல் இல்லை. மல்லியில் அந்த நிறம் தெரிந்தால் கதை வேறு. ஊதா ஏறிய மொட்டு, சிறு துளை, நூலாம்படை போன்ற இழை தெரிந்தால் மொட்டுப்புழு தின்றது. கோடையில் இது சகஜம். ஒரு கைப்பிடியில் நாலைந்து அப்படி வந்தால் அந்தச் சாக்கை விட்டுவிடலாம்.

சாக்கைப் பார்க்கும் முறை இதுதான். மேலே இருக்கும் பூவைப் பார்க்காதீர்கள், கையை அடிவரை விட்டு அள்ளுங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பூ அடைபட்டு வெந்துகொண்டிருக்கிறது, மாலைக்குள் பழுக்கும். மொட்டு பச்சை கலந்த வெள்ளையாக, அழுத்தினால் விறைப்பாக, காம்பு பச்சையாக இருக்க வேண்டும். காம்பு பழுப்பேறி மொட்டு மஞ்சள் தட்டியிருந்தால் முந்தைய நாள் பூ கலந்திருக்கிறது. கையில் ஈரம் ஒட்டினால் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், அதோடு நனைந்த மொட்டில் சில மணி நேரத்தில் பழுப்புப் புள்ளி விழும். முந்தைய மாலை கோடை மழை பெய்திருந்தால் அன்று வரும் பூவெல்லாம் அப்படித்தான் இருக்கும். அந்த நாளில் பேரம் பேசிப் பயனில்லை. மல்லியைக் குறைத்து, கனகாம்பரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பூவை பாலிதீன் பையில் அடைத்து முடிச்சுப் போட்டுக் காரில் வைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. பத்து கிலோ பூ மூடிய பைக்குள் தானே சூடாகும், அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் காருக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். மூங்கில் கூடை, அல்லது தண்ணீர் தெளித்துப் பிழிந்த கோணிச் சாக்கு, மேலே வாழையிலை, அவ்வளவுதான்.

அளவைப் பற்றிக் கொஞ்சம். பூவை முழத்தில் வாங்காதீர்கள், கிலோவில் வாங்குங்கள். முழம் கைக்குக் கை மாறும், நெருக்கமும் மாறும். சுமாராக ஒரு கிலோ மல்லி நெருக்கிக் கட்டினால் 15 முழம், அளவாகக் கட்டினால் 20 முழம் வரும். வரவேற்பு மேசையில் சந்தனம், கல்கண்டோடு 300 பெண்களுக்கு ஆளுக்கு அரை முழம் துண்டு கொடுக்க வேண்டுமானால் 150 முழம், அதாவது ஏழரை முதல் பத்து கிலோ. ஏழு கிலோவை ஒரே ஆளிடம் கட்டக் கொடுத்தால் மாலைக்குள் முடியாது, கட்டி முடிப்பதற்குள் முதல் சரம் விரிந்துவிடும். பூக்கட்டுபவர்களை நான்கு ஐந்து பேராக முன்கூட்டியே பேசிவையுங்கள். முகூர்த்த நாட்களில் பூவை விட அவர்கள் கிடைப்பதுதான் கஷ்டம். கூலியைக் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது. நூலை விட வாழைநார் மேல். நூல் காம்பை அறுக்கும், நார் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கட்டுவதற்கு முன் நாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். ஜடையில் தைக்கும் வேலைக்கு மட்டும் நூல்தான் சரி.

கனகாம்பரத்துக்குத் தனியாக ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மணமில்லை என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் காலை முகூர்த்தத்தின் நேரச் சிக்கல் எதுவும் இதற்குக் கிடையாது. மலர்ந்த பூவாகவே பறிப்பதால் விரியும் கவலை இல்லை, மறுநாள் வரையிலும் நிறம் மாறாது, வெயிலைத் தாங்கும். கிலோ விலை கேட்டுப் பதறாதீர்கள். ஒரு கிலோவில் சுமார் 15,000 பூ நிற்கும், அத்தனை லேசு. ஒரு ஜடைக்கு 100, 150 கிராம் தாராளம். மல்லி மொட்டு இரண்டு வரிசை, கனகாம்பரம் ஒரு வரிசை என்று மாற்றிக் கட்டினால் பட்டுச்சேலைக்கு எடுப்பாக இருக்கும், மல்லி செலவும் குறையும்.

மாலைக்குச் சம்பங்கி. சதைப்பற்றான பூ என்பதால் முந்தைய நாள் கட்டியது மறுநாள் காலை நிற்கும். அதே சதைப்பற்றால் கனமும் கூடும். சம்பங்கியும் ரோஜா இதழும் நெருக்கிக் கட்டிய, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பெரிய மாலை கிலோக்கணக்கில் எடை ஏறும். சித்திரை வெயிலில் ஹோமப் புகைக்கு முன் இரண்டு மணி நேரம் அதைச் சுமக்கப் போவது மணமக்கள். முழங்காலுக்கு மேலே நிற்கும் நீளம், கழுத்தில் படும் பகுதியில் பூ இல்லாமல் பட்டுத்துணி சுற்றிய நார், இந்த இரண்டையும் சொல்லிக் கட்டச் சொன்னால் போதும். சம்பங்கி மொட்டின் நுனியைப் பார்த்து வாங்குங்கள். நுனி பழுத்திருந்தால் பழைய பூ, இல்லையேல் வெயில் பட்ட பூ.

சாயப் பூ விஷயத்தில் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள். பச்சை, நீலம், ஊதா என்று நனைத்தெடுத்த சம்பங்கியும் மல்லியும் மார்க்கெட்டில் கிடைக்கும். வியர்வையும் பன்னீரும் பட்டவுடன் சாயம் இளகி, வெள்ளை வேட்டியிலும் முகூர்த்தப் பட்டிலும் இறங்கும். துவைத்தாலும் போகாது. நிறம் வேண்டுமானால் ரோஜா இதழ், மரிக்கொழுந்து, துளசி, வாடாமல்லி இருக்கின்றன. வாங்கும் பூவைச் சந்தேகமாக இருந்தால் ஈரக் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

செவ்வந்தி மாலை கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். அது பகல் குறையும் பனிக்காலத்தில் மொட்டு வைக்கும் செடி. நாள் நீளும் சித்திரையில் வருவது பெரும்பாலும் இருட்டு மூடிப் பக்குவப்படுத்தி வளர்த்தது, விலைக்கேற்ற பூ அல்ல. மஞ்சள் வேண்டிய இடத்தில், அதாவது முகப்புத் தோரணம், மணவறைத் தூண், மாடிப்படி ஆகியவற்றுக்குச் செண்டுமல்லி போதும். இதில் தண்ணீர் தெளிப்பதுதான் ஆபத்து. இதழ்களுக்கு நடுவே ஈரம் தங்கினால் மறுநாள் உள்ளே அழுகி நாறும். காம்புப் பக்கம் ஊசி கோத்து, உலர்ந்தபடியே தொங்கவிடுங்கள். வெயில் படும் வாசலுக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் கலந்துகொண்டால் இரண்டு நாள் கவலை இல்லை.

அரளி மலிவு, நிறமும் அருமை. சாமிக்கு மாலையாகப் போடலாம், வாசலில் கட்டலாம். ஆனால் அரளிச் செடி முழுக்க விஷம். பந்தி நடக்கும் இடத்திலும், தாம்பூலத் தட்டிலும், குழந்தைகள் கை எட்டும் உயரத்திலும் வேண்டாம். ஆசீர்வாதத்துக்கு அட்சதையோடு கலக்கும் உதிரிப்பூவிலும் அது வந்துவிடாமல் பாருங்கள். அதற்குப் பன்னீர் ரோஜா இதழ்தான் பொருத்தம். பறித்த நாளிலேயே இதழ் உதிரும் பூ என்பதால் மாலைக்கு ஆகாது, அன்று காலை உதிரியாக இரண்டு கிலோ வாங்கினால் 400 பேர் தூவலாம்.

வெட்டிவேர் மாலையையும் இந்தப் பருவத்தில் நினைவில் வையுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் சம்பந்திகள் வரவேற்புக்கும் அது நல்ல தேர்வு. ஒரு வாரம் முன்பே வாங்கிவைக்கலாம், போடும்போது தண்ணீர் தெளித்தால் குளிர்ச்சியாக மணக்கும். அவசர நாளில் மாலை கட்டும் வேலைப் பளுவில் பாதி இப்படிக் குறைந்துவிடும்.

மார்க்கெட்டில் குறைகளும் உண்டு. முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையில் நெரிசலில் நிற்க இடமிருக்காது. தரை ஈரமும் பூக்கழிவுமாக வழுக்கும், வயதானவர்களை அழைத்துப் போக வேண்டாம். ரசீது கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். சில்லறையாகக் கால் கிலோ, அரை கிலோ கேட்பவர்களுக்கு மண்டிக் கடைகளில் அவ்வளவு கவனிப்பும் இருக்காது. ஐந்து கிலோவுக்குக் கீழே தேவை என்றால் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கட்டிய பூவாகவே வாங்கிவிடுவது சிக்கனம். போக்குவரத்தும் கூலியும் சேர்த்தால் பெரிய வித்தியாசம் வராது.

பெரிய அளவுக்கு மண்டியில் பேசும்போது "அன்றைய விலைக்கு இத்தனை கிலோ" என்று மட்டும் பேசி முன்பணம் கொடுக்காதீர்கள். எத்தனை மணி வரத்துப் பூ, நனையாத பூ, சாக்கை உங்கள் ஆள் பார்த்து எடுக்கும் உரிமை, இவற்றையும் ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு பேசி, இரண்டு நாள் முன்பு ஒரு தடவை நேரில் போய் அன்றைய வரத்தைப் பார்த்துவிட்டு வந்தால், மல்லியை எவ்வளவு குறைப்பது, கனகாம்பரத்தை எவ்வளவு கூட்டுவது என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.