லவுரா பவுசினி: 'லா சொலிதூதினே'யா, 'ஸ்த்ரானி அமோரி'யா?

இத்தாலியப் பாடகி லவுரா பவுசினியை முதல்முறை கேட்பவர்கள் இந்த இரண்டு பாட்டுகளில் எதில் தொடங்கலாம்? என் ஓட்டு 'லா சொலிதூதினே'வுக்குத்தான்.

இத்தாலியின் பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில் 1993இல் புதியவர்கள் பிரிவில் அவர் வென்றது இந்தப் பாட்டால். அப்போது வயது 18. தனிமைதான் பாட்டின் பொருள். பாடும் பெண்ணின் காதலன் மார்க்கோ ஊரைவிட்டுப் போய்விட்டான். காலை ஏழரை மணி ரயில் அவன் இல்லாமல் வெறும் இரும்பாக நிற்கிறது, பள்ளியில் அவன் பெஞ்சு காலி. அப்பாவின் வேலை அவனை இழுத்துக்கொண்டு போனது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'ஒருநாள் உனக்குப் புரியும்' என்றதோடு சரி. பதின்வயதுக் காதலைப் பெரியவர்கள் எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அடுத்த ஆண்டு அதே மேடையில் மூன்றாம் இடம் பிடித்த 'ஸ்த்ரானி அமோரி' கொஞ்சம் வளர்ந்தவளின் பாட்டு. போனுக்காகக் காத்துக் கிடந்து, ஏமாந்து, அப்புறம் தானே விலகுகிறாள். பல்லவி உடனே ஒட்டிக்கொள்ளும், ஆனால் மார்க்கோவைப் போல ஒரு முகம் இதில் இல்லை.

பெயர் வாங்கித் தந்ததில் இரண்டுக்கும் பங்குண்டு. 1994இல் இரண்டையும் ஸ்பானிய மொழியிலும் பாடினார். லத்தீன் அமெரிக்கா அவரைத் தன் பாடகியாகவே எடுத்துக்கொண்டது. 2006இல் கிராமி கிடைத்ததும் ஒரு ஸ்பானிய ஆல்பத்துக்குத்தான். 2021இல் கோல்டன் குளோப் மட்டும் இத்தாலியப் பாட்டுக்கு.