சமையலறைத் தராசும் வாராந்திரச் சராசரியும்: எடைக்குறைப்பில் என் நீண்டகால அனுபவம்

சில ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் எடைக்குறைப்பு முறைக்கு இரண்டே பொருள்கள்தான் தேவைப்பட்டன: உடல் எடை பார்க்கும் கருவி ஒன்று, சமையலறைக்கான சிறிய மின்னணுத் தராசு ஒன்று. மாதச் சந்தா, புரதமாவு, தனி உணவு என்று எதற்கும் செலவு வைக்காததால்தான் இது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டில் அதிகம் கைகொடுத்தது தராசுதான். வாணலியை அதன்மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, வழக்கம்போல எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி என்று நாம் நினைத்திருப்பது பல வேளைகளில் இரண்டைத் தாண்டி நிற்கும். மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி என்றால் கொழுப்பில் 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. எனவே தட்டில் விழும் உணவின் அளவில் கைவைக்காமலேயே என்னால் கணிசமாகக் குறைக்க முடிந்தது. கொஞ்ச காலம் அளந்தால் கைக்கே கணக்குப் பிடிபட்டுவிடுகிறது. இப்போது தராசை எப்போதாவதுதான் எடுக்கிறேன்.

உடல் எடையில் ஒரு நாளின் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. உப்பு, உடலில் தங்கும் நீர், குடலில் உள்ள உணவு ஆகியவற்றாலேயே ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், ஓர் இரவில் கூடிய எடை கொழுப்பாக இருக்க வழியே இல்லை. காலையில் வெறும் வயிற்றில் பார்த்த எடைகளின் வாரச் சராசரியை முந்தைய வாரத்தோடு ஒப்பிடத் தொடங்கிய பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற வாதத்தில் நான் நேரம் செலவிடவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரு முறைகளாலும் குறைந்த எடைக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எது நமக்குத் தொடர்ந்து சாப்பிடப் பிடிக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வேளையும் பருப்போ முட்டையோ ஒரு புரதமும், நிறையக் காய்கறியும் இருந்தால் பசி நெடுநேரம் தாங்குகிறது.

நடைப்பயிற்சியால் மட்டும் எனக்குப் பெரிதாக எடை குறையவில்லை. ஆனால் குறைந்த எடை திரும்ப ஏறாமல் காத்தது அதுதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

இதில் மிகக் கடினமான கட்டம், எடை ஓரளவு இறங்கிய பின் வரும் பசி. கொழுப்பு குறையும்போது லெப்டின் என்னும் ஹார்மோனும் குறைந்து பசியைத் தூண்டுகிறது. அதை மனஉறுதிக் குறைவு என்று எண்ணி யாரும் தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. அத்தகைய வேளைகளில் மேலும் குறைக்க முயலாமல், இருக்கும் எடையைச் சில வாரங்கள் அப்படியே தக்கவைத்துவிட்டுப் பிறகு தொடர்வது எனக்கு ஒத்துவந்தது. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் மருந்தளவைப் பற்றிப் பேசிய பிறகே தொடங்க வேண்டும்.