ஆரக்கிளிலிருந்து சேஸ் சென்டருக்கு: ஒரு வாரியர்ஸ் ரசிகரின் நீண்டகால அனுபவம்

அமெரிக்க NBA கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஓக்லாந்தை விட்டு வளைகுடாவின் எதிர்க்கரையிலிருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது 2019-ல். சேஸ் சென்டர் என்ற புது அரங்கம் திறந்த வாரத்திலேயே எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். திரை பெரிது, நடைவழி அகலம், கழிவறை சுத்தம், சாப்பாடு பரவாயில்லை. அதெல்லாம் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒரு அணிக்குச் சொந்த அரங்கம் என்ன தருகிறது என்பது சில சீசன்கள் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும். நான் பேச வந்தது சத்தத்தைப் பற்றி.

ஓக்லாந்தின் பழைய அரங்கமான ஆரக்கிள் அரீனா 1966-ல் திறந்தது. 1996-97-ல் உள்ளே இடித்துக் கட்டினார்கள். அந்த ஒரு சீசன் அணி சான் ஹோசேயில் ஆடியது. அதன்பின் 19,596 பேர் உட்காரலாம். வசதி என்று பார்த்தால் சுமார்தான். இடைவேளையில் மேல்தளத்து நடைவழியில் தோளோடு தோள் உரசாமல் நகர முடியாது. ஆனால் அந்த மேல்தளத்துச் சத்தம்! 2007 பிளேஆஃபில், அதாவது லீக் ஆட்டங்கள் முடிந்தபின் வரும் வெளியேற்றுச் சுற்றில், எட்டாம் இடத்திலிருந்து நுழைந்த வாரியர்ஸ், 67 ஆட்டம் ஜெயித்து முதலிடத்தில் இருந்த டாலஸை 4-2 என்று வீட்டுக்கு அனுப்பியது. அரங்கம் முழுக்க மஞ்சள் சட்டை. பக்கத்து இருக்கைக்காரர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதற்கு முன் பன்னிரண்டு சீசனாக பிளேஆஃப் வாசலையே மிதிக்காத அணி அது. தோற்றுக்கொண்டிருந்த அந்த வருடங்களிலும் வந்து உட்கார்ந்தவர்கள்தான் அன்றைக்குக் கத்தினார்கள்.

பிறகு கர்ரி, தாம்சன், கிரீன் என்ற நட்சத்திர வீரர்களின் காலம். 2015-16-ல் சொந்த அரங்கில் 39 வெற்றி, 2 தோல்வி. அதற்கு முந்தைய சீசனையும் சேர்த்து, லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 54 முறை அங்கே தோற்கவே இல்லை.

இந்தச் சத்தம் கட்டடத்தின் மாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வளைகுடாவின் இரு கரையையும் இணைக்கும் பார்ட் ரயிலில் கொலிசியம் நிறுத்தத்தில் இறங்கினால் நடைபாலம் நேராக அரங்கத்தில் கொண்டுவிடும். ரிச்மண்டிலிருந்து ஃப்ரீமாண்ட் வரை ஒரே ரயில் பாதையில் இருக்கிறவர்கள், வேலை முடிந்த கையோடு வந்துவிடலாம். மேல்தள டிக்கெட்டும் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தது. ஒரே வரிசையில் ஒரே முகங்களை வருடக்கணக்காகப் பார்க்கலாம். யார் எந்த ரெஃப்ரியைத் திட்டுவார் என்பதுகூடத் தெரியும்.

ஜோ லேக்கபும் பீட்டர் கூபரும் 2010-ல் 450 மில்லியன் டாலருக்கு அணியை வாங்கினார்கள். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவின் 30-32 எண் கப்பல்துறை மேடைகளில் அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பும் செலவும் ஏற, 2014-ல் மிஷன் பே பகுதிக்கு மாறினார்கள். அங்கேயும் பக்கத்து மருத்துவமனைக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்தது. 2017 தொடக்கத்தில்தான் பூமிபூஜை. சுமார் 1.4 பில்லியன் டாலர், முழுக்கத் தனியார் பணம். நகரத்தை மிரட்டி வரிப்பணத்தில் அரங்கம் கட்டிக்கொள்ளும் முதலாளிகள் நிறைந்த அமெரிக்க விளையாட்டில் இது பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

சரி, அந்தப் பணம் எங்கிருந்து திரும்ப வரும்? 18,064 இருக்கைகள், அதாவது பழையதைவிட ஆயிரத்து ஐந்நூறு குறைவு. சீசன் டிக்கெட் வேண்டுமென்றால் முதலில் ஒரு உறுப்பினர் தொகை கட்ட வேண்டும். அது முப்பது வருடம் கழித்து வட்டியில்லாமல் திரும்பக் கிடைக்கும். டிக்கெட் விலை தனி. முப்பது வருடக் கடனைச் சிரித்துக்கொண்டே கொடுக்கக்கூடியவர்கள் கீழ்தளத்தில் உட்கார்ந்தார்கள். என் பழைய வரிசைக்காரர்களில் பெரும்பாலானோர் அத்தோடு கழன்றுகொண்டார்கள்.

முதல் இரண்டு சீசனை வைத்து அரங்கத்தை எடைபோடுவது நியாயமில்லை. 2019-20-ல் கர்ரிக்கு அக்டோபரிலேயே கை எலும்பு முறிந்தது. 15 வெற்றி, 50 தோல்வி. அப்புறம் கொரோனா, 2021 ஏப்ரல் வரை காலி இருக்கைகள். 2022 பிளேஆஃபில்தான் சேஸ் சென்டர் முதன்முறையாக நிஜமாக அதிர்ந்தது. டாலஸை அங்கேயே ஐந்தாவது ஆட்டத்தில் முடித்து, கோப்பைக்கான இறுதித் தொடரான ஃபைனல்ஸ் போன இரவு, ஆரக்கிளுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. கோப்பையைத் தூக்கியது மட்டும் பாஸ்டனில்.

ரசிகர் சத்தம்தான் ஆட்டத்தை ஜெயித்துத் தருகிறது என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு கணக்கு. 2022-23-ல் சொந்த அரங்கில் 33 வெற்றி, 8 தோல்வி; வெளியூரில் 11-30. அடுத்த சீசன் சொந்த அரங்கில் 21-20, வெளியூரில் 25-16! அதே கட்டடம், ஏறக்குறைய அதே கூட்டம். இதை வைத்து யாராவது ஒரு தத்துவம் சொன்னால் நான் நகர்ந்துவிடுவேன்.

சாதாரண ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை ஆட்டம்தான் உண்மையான சோதனை. இடைவேளை முடிந்து மூன்றாம் கால் பகுதி தொடங்கும்போது கீழ்தளத்தைப் பாருங்கள், பாதி காலி. அடியில் சொகுசு ஓய்வறைகள் இருக்கின்றன. போனவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள். மேல்தளம் கத்துகிறது, ஆனால் எட்ட இருந்து கத்துகிறது. நான்காம் கால் பகுதியில், வளைகுடாவைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் ரயிலை நினைத்துக் கிளம்ப ஆரம்பிக்கிறார்கள். கட்டடத்தில் குறை இல்லை என்பதே என் எண்ணமாக இருந்தது, நிரூபிக்கத்தான் வழியில்லை.

வழி 2025-ல் வந்தது. கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ், அதே உரிமையாளர்களின் மகளிர் அணி. பயிற்சி ஓக்லாந்தில், வாரியர்ஸ் விட்டுப்போன கூடத்தில். ஆட்டம் சேஸ் சென்டரில். முதல் சீசனிலேயே அங்கே நடந்த எல்லா ஆட்டத்துக்கும் 18,064 டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. ஊதாச் சட்டை போட்ட கூட்டம், ஸ்கூல் பிள்ளைகள், பாட்டிகள், தோழிகள் குழு. டிக்கெட் விலை வாரியர்ஸோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கும்போதும் எழுந்து நின்று கத்துகிறார்கள். கீழ்தளம் இடைவேளை முடியும் முன்பே நிறைந்துவிடுகிறது. அதே கூரை, அதே இருக்கை, அதே ஒலிபெருக்கி. ஆள்தான் வேறு.

அந்த அணி முதல் சீசனிலேயே பிளேஆஃபுக்கும் போனது. ஆனால் அந்தச் செப்டம்பர் வாரம் சேஸ் சென்டரில் லேவர் கப் டென்னிஸ் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. மினசோட்டாவுக்கு எதிரான ஒரே ஹோம் ஆட்டம் சான் ஹோசேயில் நடந்து, 75-74 என்று ஒரு புள்ளியில் கைநழுவியது. இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1975 ஃபைனல்ஸில் ஓக்லாந்து அரங்கம் கிடைக்காமல் வாரியர்ஸ் டேலி சிட்டியின் கவ் பேலஸில் ஆடியது. அன்றைக்காவது அரங்கம் வேறு ஆளுடையது. இப்போது சொந்த வீட்டிலேயே குடித்தனக்காரர் நிலைமை. வருடம் முழுக்கக் கச்சேரியும் கண்காட்சியும் வைத்தால்தான் அந்த 1.4 பில்லியன் திரும்பும் என்பது புரிகிறது. இருந்தாலும் எரிச்சல் போகவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு: காரை மறந்துவிடுங்கள். முன்பு ரயில் மாறுவது சுற்றுவழியாக இருந்தது. 2023-ல் புதுச் சுரங்கப்பாதை முழுமையாக ஓட ஆரம்பித்தபின், பார்ட்டில் பவல் நிறுத்தம் வரை வந்து, முனி என்ற நகரப் போக்குவரத்தின் டி ரயில் பிடித்தால் அரங்க வாசலிலேயே இறங்கலாம். ஆட்டத்துக்கான டிக்கெட்டே முனிக்கும் செல்லும். திரும்பும்போது முதல் ரயிலில் இடிபட வேண்டாம், இரண்டாவதில் உட்கார இடம் கிடைக்கும். வாரியர்ஸ் பார்க்க வேண்டுமென்றால், வார நடுவில் பலவீனமான அணி வரும் ஆட்டத்துக்கு மேல்தள மூலை இருக்கை போதும். நான் இப்போது வருடத்துக்குச் சில முறை அப்படிப் போகிறேன். சீசன் டிக்கெட் வால்கிரீஸுக்குத்தான்.