ஐந்து தட்டு டிஹைட்ரேட்டரில் தக்காளி

அடியில் வெப்பச் சுருளும் விசிறியும், அவற்றுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய ஐந்து வட்டத் தட்டுகளும் கொண்ட, காய்கறி பழங்களை உலர்த்தும் சிறிய டிஹைட்ரேட்டர்கள் இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்பனைக்கு வருகின்றன. பெயரும் மூடியின் நிறமும் மாறினாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால், நான் வாங்கியது எந்த நிறுவனத்தின் கருவி என்பதை இங்கே குறிப்பிடவில்லை. விலை 5,000 ரூபாயைச் சற்றுத் தாண்டியது. மின்திறன் 250 வாட். தக்காளி மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி உலர்த்தி வைத்துக்கொண்டால் விலையேற்றக் காலத்தில் கடைக்கே போக வேண்டியதில்லை என்பதுதான் விளம்பரத்தின் சாரம். அந்த ஒரு வாக்குறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தக்காளியை வைத்தே இக்கருவியை மதிப்பிடுகிறேன். மாம்பழத் துண்டும் வாழைப்பழச் சீவலும் எப்படி வருகின்றன என்பதை மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

விளம்பரம் கைவைக்கும் கவலை பொய்யானதன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகள் வழியாக அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அதே தக்காளி வேறு மாதங்களில் பறிகூலிக்கும் கட்டுப்படியாகாமல் சாலையோரம் கொட்டப்படுவதும் வழக்கமாகிவிட்டது. பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பக்கம் உறவினர்கள் இருப்பவர்களுக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். மலிவுக் காலத்தில் ஒரு பெட்டியாக வாங்கிவிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தவுடன் எல்லாவற்றையும் நறுக்கி உலர்த்தத்தான் வேண்டும் என்பதில்லை.

செங்காயாக இருக்கும் தக்காளி நான்கைந்து நாள் எந்த இயந்திரமும் இல்லாமலே நன்றாக இருக்கும். காம்பு இருந்த வடுவின் வழியாகத்தான் பழத்தின் ஈரம் பெரும்பாலும் வெளியேறுகிறது. பூஞ்சை உள்ளே நுழைவதும் அவ்வழியே. எனவே அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு, ஒன்றோடொன்று அழுந்தாமல், காற்றோட்டமான கூடையில் ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பழுக்கும் தக்காளி எத்திலீன் வாயுவை வெளியிடும் என்பதால் வெள்ளரிக்காயையும் கீரையையும் அதன் அருகில் வைக்கக் கூடாது. கழுவி வைப்பதும் தவறு; சமைக்கும் நேரத்தில் கழுவினால் போதும். கோடையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்று, சிவக்காமலே குழைந்துவிடும். சித்திரை வெயிலில் சமையலறை மேடையில் வைத்த காய்கள் சிவக்கவே இல்லை என்று குறைப்படுபவர்கள் விதையையோ கடைக்காரரையோ பழிக்க வேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரியில் ஏழு நாள் வைத்த தக்காளியில் சர்க்கரையும் அமிலமும் பெரிதாக மாறவில்லை என்றும், மணம் தரும் சேர்மங்கள்தாம் குறைந்தன என்றும், வெளியே எடுத்து வைத்தாலும் அவை முழுமையாகத் திரும்பவில்லை என்றும் கண்டார்கள். புளிப்பும் இனிப்பும் நாக்கில் படுகின்றன, ஆனால் தக்காளி என்று மூக்குக்குத் தெரியவில்லை என்ற நிலை அதனால்தான் வருகிறது. காயாக இருக்கும்போதே குளிரில் வைத்தால் அது பழுக்கும் திறனையே இழக்கும். ஆகவே செங்காய் வெளியில், முழுதாகப் பழுத்தது மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஃப்ரிட்ஜில் என்பதுதான் என் வீட்டு வழக்கம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் போகப்போகிற பழத்துக்கு மணம் சற்றுக் குறைந்தால் குடி முழுகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தனையையும் கடந்து மிஞ்சும் பழத்துக்குத்தான் கருவியின் உதவி தேவைப்படுகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது எந்தத் தக்காளி என்பதை. சந்தையில் பெங்களூர்த் தக்காளி என்று விற்கும் ஒட்டுரகம் தடித்த தோலும் கெட்டிச் சதையும் கொண்டது. வில்லையாக நறுக்கினால் வடிவம் கலையாமல் நிற்கும், தட்டிலிருந்து முழுதாக உரியும். நாட்டுத் தக்காளி புளிப்பிலும் மணத்திலும் அதை மிஞ்சினாலும், அதன் வயிற்றில் பாதி விதையும் கூழும்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 போன்ற சாறு மிகுந்த ரகங்களும் அப்படியே. அவற்றை நறுக்கி வைத்தவுடன் சாறு தட்டின் கண்ணிகள் வழியே சொட்டத் தொடங்கிவிடும். இந்த வடிவத்தின் பெருங்குறை அங்கேதான் இருக்கிறது. விசிறியும் வெப்பச் சுருளும் நேர் கீழே இருப்பதால், சொட்டும் சாறு அடிப்பாகத்தின் காற்றுத் துளைகளில் விழுந்து கருகிப் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. அடிப்பாகத்தை நீரில் கழுவ முடியாது. ஈரத்துணியால் துடைக்கலாம் என்று கையேடு சொல்கிறது, ஆனால் அத்துளைகளுக்குள் துணி போகாது, பழைய பல்துலக்கியின் நுனிதான் போகிறது. விதையையும் கூழையும் கரண்டியால் வழித்தெடுத்து ரசத்துக்கு ஒதுக்கிவிட்டு, சதையை மட்டும் தோல்பக்கம் கீழே இருக்குமாறு அடுக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அந்தக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

காற்று கீழிருந்து மேலாகச் செல்வதால் அடித்தட்டு முதலில் காய்ந்து, மேல்தட்டு கடைசிவரை ஈரமாகவே இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்றவில்லை என்றால், கீழே சருகும் மேலே குழைவும்தான் கிடைக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்து எடுக்கலாம் என்ற விளம்பர வாசகத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே நம்ப வேண்டாம். நேரக் கணக்கும் அப்படித்தான். கையேடு 70 டிகிரியில் 8 மணி நேரம் என்கிறது. 70 டிகிரியில் தொடங்கினால் துண்டுகளின் மேற்பரப்பு விரைவில் இறுகி, உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டுவிடும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், டப்பாவில் போட்டுச் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். தக்காளிக்கு 57 முதல் 60 டிகிரி வரைதான் ஏற்ற வெப்பம். அந்த வெப்பத்தில், ஏறக்குறைய அரை அங்குலத்துக்கும் குறைவான தடிமனில் நறுக்கிய துண்டுகள் முழுதாகக் காய 12 மணி நேரத்துக்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைக் காற்று ஈரமாக இருக்கும்போது அதற்கு மேலும் ஆகிறது. வெப்பத் திருகியின் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சமையல் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துப் பார்த்தபோது, திருகியில் 60 என்று வைத்தாலும் உள்ளே அதைவிடக் குறைவாகவே காட்டியது. சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். தக்காளியில் 94 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். ஐந்து தட்டிலும் சேர்த்து ஒரு முறைக்கு ஒன்றரைக் கிலோ வைக்கலாம். காய்ந்தபின் கையில் மிஞ்சுவது 100 கிராமை ஒட்டியிருக்கும். பார்ப்பவர்கள் இதைக் கருவியின் குறையாகச் சொல்வதுண்டு, ஆனால் எந்தக் கருவியாலும் இதைக் கூட்ட முடியாது. 60 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதால், ஒன்றரைக் கிலோ தக்காளியை உலர்த்த மிகச் சிறந்த கருவிக்கும் ஒரு யூனிட்டை நெருங்கிய செலவு ஆகியே தீரும். இது 3 யூனிட் எடுக்கிறது. மீதி, மேல்துளை வழியாக வெளியேறும் சூடான காற்றோடு சமையலறைக்குப் போகிறது. ஒரு முறைக்கு இது பெரிய தொகை அல்ல. ஆனால் ஒரு பெட்டித் தக்காளியை, அதாவது 25 கிலோவை, முடிக்க எத்தனை முறை ஓட்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளில், அந்த எல்லையைத் தாண்டிக் கூடுதல் கட்டணப் பட்டியலுக்குள் போய்விட்டால், மலிவாக வாங்கிய தக்காளி மலிவாக இருக்காது.

காய்ந்தது என்பதை எப்படி அறிவது என்பதில் கருவி எந்த உதவியும் செய்வதில்லை. துண்டு ஆறிய பிறகுதான் சோதிக்க வேண்டும், ஏனெனில் சூடாக இருக்கும்போது எல்லாத் துண்டும் வளையும். ஆறியதும் தோல் போல வளைந்து, பிழிந்தால் ஈரம் கசியாமல் இருந்தால் சில வாரங்களுக்கு ஃப்ரிட்ஜில் வைத்துப் பயன்படுத்தலாம். ஒடித்தால் சட்டென்று முறியும் பதம் வந்தால்தான் பொடிக்கலாம், வெளியில் வைக்கலாம். உடனே பொடிக்காமல், கண்ணாடிச் சாடியில் முக்கால் பாகம் நிரப்பி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கிவர வேண்டும். சாடியின் உட்புறம் பனி படிந்தாற்போல் ஈரம் தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தட்டுக்கு அனுப்ப வேண்டும். பொடியாக்கும்போது மிக்ஸியை இடைவெளி விட்டு விட்டு ஓட்டாவிட்டால் சூட்டில் பொடி இளகிப் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். தக்காளியிலுள்ள சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், பெரிய டப்பா ஒன்றில் வைத்து அடிக்கடி திறப்பதைவிடச் சிறு பாட்டில்களில் பிரித்து வைப்பதே நல்லது. வெளிநாட்டுச் சமையல் காணொளிகளைப் பார்த்து, அரைகுறையாகக் காய்ந்த துண்டுகளைப் பச்சைப் பூண்டோடு எண்ணெயில் ஊறவைத்து வெளியில் வைப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும். காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில் ஈரமும் பூண்டும் சேர்ந்தால் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பு உண்டு. அது மணத்திலும் நிறத்திலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

சுவைக்கு வருவோம். இந்தப் பொடி தக்காளிக்கு மாற்று அன்று; வேறொரு பொருள். ரசத்தில் பழத்துக்குப் பதிலாக இதை மட்டும் போட்டால் புளிப்பும் நிறமும் வரும், பிசைந்த பழம் தரும் தெளிவான பச்சை வாசனை வராது. பச்சடிக்கும் கொத்சுக்கும் ஆகாது. ஆனால் தக்காளிச் சாதத்தில் இரண்டு பழத்தோடு ஒரு தேக்கரண்டிப் பொடியைச் சேர்த்தால், நெடுநேரம் வதக்கிய தொக்கின் அடர்த்தி பத்து நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. இட்லிப் பொடியில் கலந்தால் வீட்டில் எல்லோரும் என்ன சேர்த்தாய் என்று கேட்கிறார்கள். காய்ந்த துண்டுகளைச் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வரமிளகாயோடு அரைத்த சட்னி, உள்ளபடியே, புதுத் தக்காளிச் சட்னியைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சுவைக்காக இக்கருவியை வைத்திருக்கலாம். விலையேற்றத்தைச் சமாளிக்க என்றால் இதைவிட எளிய வழிகள் இருக்கின்றன.

அவற்றில் முதலாவது ஃப்ரீசர். முழுப் பழத்தைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டு உறையவைத்தால் போதும். வெளியே எடுத்துத் தண்ணீரில் காட்டியதும் தோல் தானாகக் கழன்றுவரும். சதை குழைந்திருக்கும், ஆனால் குழம்புக்குப் போகும் தக்காளி குழையத்தானே வேண்டும். இடம் குறைவாக இருந்தால் வேகவைத்து அரைத்துச் சுண்டவைத்த விழுதைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். மின்வெட்டு நீண்டால் மட்டும் இதில் கவலை. இரண்டாவது தொக்கு, எண்ணெயும் உப்பும் புளிப்பும் சேர்ந்து அதைக் காக்கும் முறையை இங்கே விளக்கத் தேவையில்லை. மூன்றாவது மொட்டை மாடி. பங்குனி, சித்திரை வெயிலில் உப்புத் தூவி வேட்டியில் பரப்பிய வற்றலுக்கு மின்கட்டணம் கிடையாது. மாடி இருப்பவர்களும், தூசிக்கும் காக்கைக்கும் மெல்லிய துணி போர்த்தக் கூடியவர்களும் 5,000 ரூபாயை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில், மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கும் இடத்தில் வசிப்பவர்களுக்குத்தான் இக்கருவியின் அருமை தெரியும்.

விற்பனைக்குப் பிந்தைய சேவை ஏமாற்றமளித்தது. தட்டுகளில் ஒன்றின் விளிம்பு விரிசல் விட்டபோது, தனித்தட்டு விற்பதில்லை, முழுத் தொகுதியாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமே என்பதும் அப்போதுதான் தெளிவானது. அட்டைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த ஓராண்டு உத்தரவாதத்தில் அந்த வேறுபாடு சொல்லப்படவில்லை. மற்றபடி சத்தம் குறைவு, மேசை மின்விசிறியின் அளவுக்குத்தான். மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது. தட்டுகள் தண்ணீரில் சற்று ஊறினால் சுத்தமாகின்றன.

இதே வகையில் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், விசிறி பின்பக்கம் இருந்து காற்று பக்கவாட்டில் வீசும் சதுரப் பெட்டி வடிவத்தைத் தேடுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் தட்டுகளை இடம் மாற்றும் வேலை பெரிதும் குறையும். சாறு சொட்டினாலும் அடியிலுள்ள தகட்டில்தான் விழும், அதை வெளியே இழுத்துக் கழுவலாம். தட்டு எவர்சில்வராக இருக்கிறதா, தனித்தட்டு கிடைக்குமா, உத்தரவாதம் எந்தெந்தப் பாகத்துக்கு என்பவற்றை வாங்குவதற்கு முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.